டிச் பட்டனா, வெல்க்ரோவா? ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்தை உடம்பில் நிறுத்துவது எது

போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஸ்டார்ம்ட்ரூப்பரின், அதாவது ஸ்டார் வார்ஸ் படத்துச் சிப்பாயின், வெள்ளைக் கவசத்தை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். மதியம் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் மகன் பக்கத்தில் வந்து, "சித்தப்பா, முதுகுத் தகடு ஒரு பக்கமாத் தொங்குது" என்றான். ஹெல்மெட்டுக்குள் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்க் கழற்றிப் பார்த்தால், வெல்க்ரோவின் முள் பக்கமும் பஞ்சுப் பக்கமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. விட்டது அதன் முதுகில் இருந்த பசை. சூடும் வியர்வையும் சேர்ந்து இளகி, பலாப்பிசின் மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

அந்த வாரமே எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு டிச் பட்டனுக்கு மாறினேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

புதிதாக இறங்குபவர்களுக்கு இரண்டு வரி. கிட் என்று பெட்டியில் வருவது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் தகடு. சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, காற்றை உறிஞ்சி வார்த்தது. 1977 படத்தின் கவசங்களும் இதே முறையில் வந்தவைதான். அந்த ஹெல்மெட் சிற்பமா இல்லையா என்று பிரிட்டனில் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி, 2011இல் சிற்பம் இல்லை என்று தீர்ப்பு வாங்கினார்கள். அணிகிறவனுடைய வழக்கு வேறு. மார்பு, முதுகு, வயிறு, இடுப்புப் பின்புறம், தோள், கை, தொடை, கெண்டைக்கால் என்று தனித்தனித் துண்டுகளாக இருப்பதை எதில் கட்டி, எதிலிருந்து தொங்கவிடுவது என்பதே அவன் கவலை.

அளவு பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே போடும் கறுப்பு உடையையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு, பேப்பர் டேப்பில் துண்டுகளை உடம்பிலேயே ஒட்டிப் பாருங்கள். நடங்கள், கையைத் தூக்குங்கள், குனியுங்கள். பிறகு வெட்டுங்கள். கை, கால் துண்டுகளின் இரண்டு பாதிகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மேலே பட்டி ஒட்டுவது வழக்கம். கைக்கு 15 மில்லிமீட்டர் பட்டி, காலுக்கு முன்னால் 20, பின்னால் 25. உட்கார முடியுமா என்று கேட்காதீர்கள். முடியாது.

இனி கட்டும் விஷயம்.

வெல்க்ரோவின் பெரிய வசதி, அளவு தப்பினாலும் மன்னிக்கும். தீபாவளிப் பலகாரத்தால் ஒரு சுற்று பெருத்தாலும் அரை அங்குலம் தள்ளி ஒட்டிக்கொள்ளலாம். ஒரே நாளில் வேலை முடியும். ஒரே ஒரு முறை போடப்போகிறீர்கள், அதுவும் ஏசி மண்டபத்தில் என்றால் வெல்க்ரோவே போதும், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. எலாஸ்டிக்கை நேராகத் தகட்டில் ஒட்டிவிடுவது இன்னொரு வழி. அழகாக நிற்கும். ஆனால் எலாஸ்டிக் ஒருநாள் தொய்யும், அன்றைக்குப் பசையைச் சுரண்ட வேண்டும். காந்தத்தைக் கெண்டைக்கால் துண்டின் பின்பக்கத்தை மூடுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன், நன்றாகவே பிடிக்கிறது. நேராக இழுத்தால் விடாத காந்தம் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிவிடும் என்பதால் பாரம் தாங்கும் தோளில் அதைப் போடத் துணியவில்லை. போட்டவர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

டிச் பட்டன் முறை இப்படி. 25 மில்லிமீட்டர் நைலான் நாடாவை, ஸ்கூல் பைக்குத் தைப்பார்களே அதே நாடாவை, இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஓரத்தை நெருப்பில் காட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டை போடக் கத்தரிக்கோல் வேண்டாம். சால்டரிங் கம்பியைக் காயவைத்துக் குத்தினால் ஓட்டையின் விளிம்பு உருகி இறுகும், பிசிறு வராது. அதில் பட்டனின் குமிழ்ப் பகுதியை அடித்து, அந்தத் துண்டைத் தகட்டின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஈ-6000 மாதிரி ரப்பராக இறுகும் பசை போட்டு, கிளிப் மாட்டி விட்டுவிடுங்கள். ஒரு நாள் போதும் என்பார்கள். நான் மூன்று நாள் தொடுவதில்லை. நிமிஷத்தில் ஒட்டும் பசை இங்கே உதவாது. அது கண்ணாடி மாதிரி இறுகி, தகடு வளையும்போது படக்கென்று விட்டுவிடும். தகட்டிலேயே துளை போட்டுப் பட்டன் அடிக்கும் ஆசையும் வேண்டாம், விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும்.

குமிழ் தகட்டில், அதைக் கவ்வும் குழி தகடுகளை இணைக்கும் நாடாவில். இதைத் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். டிச் பட்டனில் தேய்கிற பாகம் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங். குமிழ் வருஷக்கணக்கில் கிடக்கும், ஸ்பிரிங்தான் தளரும். அது நாடாவில் இருந்தால் நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டலாம். தகட்டில் இருந்தால் ஒட்டியதைப் பெயர்க்க வேண்டும், மறுபடி மூன்று நாள்.

நான் கட்சி மாறியதற்கு முழுக் காரணமும் இந்தப் பராமரிப்புதான். நிகழ்ச்சி முடிந்து வந்தால் உள்பக்கம் முழுக்க வியர்வை. இப்போது எல்லா நாடாக்களையும் டக் டக்கென்று கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிடுகிறேன். தகடுகளை ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. வெல்க்ரோவாக இருந்த காலத்தில் ஒட்டிய பாதியைத் துவைக்கவே முடியாது. வியர்வையும் முடியும் நூல்பிசிறும் முள்ளுக்குள் ஏறி, மூன்றாவது தடவைக்குள் பெட்டியைத் திறந்தாலே ஒரு வாடை. தொய்ந்த எலாஸ்டிக்கை மாற்றுவதும் அப்படித்தான். பழைய நாடாவைத் தரையில் வைத்து அதே அளவுக்குப் புதிது வெட்டி, இரண்டு பட்டன் அடித்தால் ஐந்து நிமிஷ வேலை.

பட்டன் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். பாரிமுனைப் பக்கத் தையல் சாமான் கடையில் எல்லாம் ஒரே மாதிரி மின்னும். மேல்மூடி காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, வியர்வை பட்டுத் துருப்பிடித்து நாடாவில் பழுப்புக் கறை விடும். ஒட்டாத பித்தளையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

குறைகளும் உண்டு. அளவு கால் அங்குலம் தப்பினாலும் பட்டன் மன்னிக்காது. வயிற்றுப் பக்கத்துக்கு நான் இரண்டு நீளங்களில் நாடா வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு முன், பொங்கலுக்குப் பின். எல்லா இடத்திலும் நைலானே போட்டால் கையைத் தூக்கும்போது பட்டன் தெறிக்கும். மார்பையும் முதுகையும் சேர்க்கும் தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும் எலாஸ்டிக். இடுப்புக்குக் கீழே அசையக் கூடாத இடத்தில் நைலான். தொடைத் துண்டுதான் நடக்கும்போது ஓயாமல் இழுபடும். உள்ளே கட்டும் துணி பெல்ட்டிலிருந்து அதைத் தொங்கவிட்டு, நாடாவுக்கு இரண்டிரண்டு பட்டனாகப் போட்டிருக்கிறேன். ஒன்று தெறித்தாலும் இன்னொன்று தாங்கும். முழுக் கவசத்துக்கும் எனக்கு நான்கு வாரக் கடைசிகள் போயின, பாதி நேரம் பசை காயக் காத்திருந்ததுதான்.

வெல்க்ரோவை முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை. பெல்ட்டின் நுனி ஆடாமல் இருக்க ஒரு துண்டு போட்டிருக்கிறேன், பசையில் இல்லை, தைத்து.

போன மாதம் வலது தொடையில் ஒரு பட்டனின் ஸ்பிரிங் போயே போய்விட்டது. வரிசையை விட்டுக்கூட நகரவில்லை. அண்ணன் மகன் பையிலிருந்து வேறு நாடாவை எடுத்து, குனிந்து மாட்டிவிட்டு, "ரெண்டு டக்கு கேட்டுச்சா சித்தப்பா?" என்றான். ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை. தொடையில் தெரிந்தது.