குழுப் பண்ணையா, சமூக நிலமா?

கென்யாவில் மாசாய் போன்ற மேய்ச்சல் சமூகங்களுக்கு 1968 சட்டம் தந்தது ‘குழுப் பண்ணை’: ஒரு குழு கூட்டாக வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். பட்டா 3 முதல் 10 பிரதிநிதிகளின் பெயரில். சிக்கலே அங்குதான்: மாடு எல்லோரிடமும், கையெழுத்து சிலரிடம். மாசாய் மக்கள் வாழும் தெற்குக் கென்யாவின் கஜியாடோவில் பல பண்ணைகள் தனித்தனித் துண்டுகளாகி வேலியும் வந்தது. மழை பெய்த பக்கம் மந்தையை ஓட்டிப் பழகியவர் கையில் இப்போது பட்டா இருக்கிறது; புல் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

2016 சமூக நிலச் சட்டத்தில் பட்டா சமூகத்தின் பெயரிலேயே. வயது வந்த எல்லோரும், பெண்களும்தான், அந்தச் சமூகத்தின் பேரவையில் உறுப்பினர்கள். நிர்வாகக் குழு 7 முதல் 15 பேர். நிலத்தைக் கைமாற்ற மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். பதிவு வேலை இழுத்தடிக்கும், சரி. ஆனாலும் மந்தை நகர்ந்தே ஆகவேண்டிய வறண்ட பகுதிக்கு இதுதான் மேல்.