ரீபூட் பண்ணாம ராம் ஏத்தலாம்: லினக்ஸ் மெமரி ஹாட்பிளக் பாவிச்சு பாத்த ரிவியூ

நேரா விஷயத்துக்கு வாறேன். ஓடிக்கிட்டிருக்கிற சர்வர ஆஃப் பண்ணாம ராம் ஏத்துற வசதி லினக்ஸ் கேர்னல்ல (ஓஎஸ்ஸோட மைய பகுதி) இருக்கு, பேரு மெமரி ஹாட்பிளக், தனியா காசு ஒன்னும் கட்ட தேவல்ல, நல்லாவே வேலை செய்யுது. ஏத்துறதுக்கு நான் முழு மார்க் குடுப்பேன். ஏத்தினத திருப்பி எடுக்கிறதுக்கு அவ்வளவு குடுக்க ஏலாது, ஆனா அது கூட மெஷின நீங்க முதல்ல எப்பிடி ஸ்டார்ட் பண்ணீங்கங்கிறத பொறுத்தது, இத தான் கொஞ்சம் நீட்டி எழுத போறேன் ஏன்னா தமிழ்ல யாரும் இத பத்தி விளக்கமா எழுதி நான் பாக்கல.

நான் பாவிக்கிறது ஹட்டன்ல, டியூஷன் சென்டர்களுக்கு சைட் போட்டு குடுக்கிற வேலைக்கு. ஒரு பெட்டி, அதுக்குள்ள கியூஇமு கேவிஎம்ல (ஒரு மெஷினுக்குள்ள பல மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேர்) ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு விஎம், அதாவது வர்ச்சுவல் மெஷின். பகல்ல ஒருத்தரும் எட்டி பாக்க மாட்டாங்க. ஏ/எல் பரீட்சை நெருங்குற நேரம் ராத்திரி பேப்பர் போட்டா போதும், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவ பிள்ளைங்க எல்லாரும் ஒன்னா ஏறுவாங்க, ராம் நெறைஞ்சிடும். அந்நேரம் ரீபூட் பண்ணா பாதி எழுதின விடை போயிடும். லயத்துல சிக்னல் கெடைக்கிற மூலைய தேடி உக்காந்து எழுதுற பிள்ளைக்கு அத செய்யவே கூடாது, அதனால தான் எனக்கு இந்த வசதி மேல இவ்வளவு மரியாதை.

சரி, உள்ள என்ன நடக்குது. புது ராம் வந்ததும் கேர்னல் ரெண்டு வேலை செய்யணும், ரெண்டும் வேற வேற. முதல்ல ஆட் பண்றது, அதாவது அந்த மெமரிக்கு அட்ரஸ் மேப் போட்டு ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் (கேர்னல் ராம பிரிச்சு வச்சிருக்கிற துண்டு) ஸ்ட்ரக்ட் பேஜ்னு 64 பைட்ல ஒரு பதிவு உண்டாக்குறது. அடுத்தது ஆன்லைன் பண்றது, அப்ப தான் அந்த பேஜ் எல்லாம் கேர்னலோட அலொகேட்டர் (ராம பங்கு போட்டு குடுக்கிற பகுதி) கைக்கு போய் ப்ரோக்ராமுக்கு கெடைக்கும். ரெண்டாவது நடக்காட்டி அந்த ராம், தோட்டத்துல காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) வந்து நின்னும் பேர் போடாத ஆள் மாதிரி, வந்திருக்கு, ஆனா கணக்குல இல்ல.

இது சும்மா தியரி இல்ல. பண்டாரவளையில தெரிஞ்ச சேர் ஒருத்தர் வெளிய ஒரு கம்பெனியில விபிஎஸ் (வாடகைக்கு விடுற விஎம்) எடுத்திருந்தார், 4 ஜிபிய 8 ஆக்க காசு கட்டினார், பேனல்ல 8 னு காட்டுது, உள்ள போய் ஃப்ரீ (free, ராம் அளவ காட்டுறது) கமாண்ட் அடிச்சா 4க்கும் கொறைவா தான் வருது. சப்போர்ட்ல கேட்டா ரீபூட் பண்ணுங்கங்கிறத தவிர வேற பேச்சே இல்ல. எல்எஸ்மெம் (lsmem, எந்த ராம் பிளாக் ஆன்லைன்ல இருக்குனு காட்டுற கமாண்ட்) அடிச்சு பாத்தோம், அதுல தெளிவா இருந்துச்சு: மெமரி பிளாக் சைஸ் 128 எம்பி, டோட்டல் ஆன்லைன் 4 ஜிபி, டோட்டல் ஆஃப்லைன் 4 ஜிபி. அதாவது 32 பிளாக் வந்து சும்மா நிக்குது. சிஎச்மெம் (chmem) கமாண்டுல எனேபிள்னு 4 ஜிபி குடுத்ததும் ஃப்ரீல 8 வந்துடுச்சு, சைட் ஒரு நொடி கூட நிக்கல. காசு கட்டியும் ராம் கூடலனு நெனைக்கிறவங்க கம்பெனிக்கு கோல் எடுக்க முந்தி எல்எஸ்மெம் ஒருக்கா பாருங்க.

ஒவ்வொரு தடவையும் கையால செய்ய தேவல்ல. பூட் பராமீட்டர்ல மெம்எச்பி டிஃபால்ட் ஸ்டேட்டுக்கு (memhp_default_state) ஆன்லைன்னு போட்டா வர்றத கேர்னலே ஏத்துக்கும், இல்லாட்டி ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ்ங்கிற (auto_online_blocks) சிஸ்எஃப்எஸ் ஃபைல்ல, அதாவது கேர்னல் செட்டிங் ஃபைல்ல, எழுதலாம், ஆனா அப்பிடி எழுதுறது அதுக்கு பொறகு வர்ற பிளாக்குக்கு மட்டும் தான், ஏற்கனவே ஆஃப்லைன்ல நிக்கிறத தொடாது, ரீபூட் ஆனா அந்த செட்டிங்கும் போயிடும்.

முக்கியமான ஒன்னு, ராம் முழுசா முடிஞ்ச பொறகு ஏத்தலாம்னு காத்திருக்காதீங்க. அந்த 64 பைட் பதிவு இருக்கே, 1 ஜிபிக்கு 16 எம்பி வரும், 16 ஜிபி ஏத்தினா 256 எம்பி. சாதாரணமா இது பழைய ராம்ல இருந்து தான் எடுக்கப்படும், அதனால மூச்சு முட்டி நிக்கிற மெஷின்ல ஆட் பண்றதே ஃபெயில் ஆகலாம். 5.13 கேர்னல்ல இருந்து மெம்மேப் ஆன் மெமரினு ஒரு ஆப்ஷன் இருக்கு, புது ராமுக்கான பதிவ புது ராமுக்குள்ளயே வைக்கும், டிம் மாதிரி (ஒரு ராம் குச்சிய முழுசா குத்துற மாதிரி) ஏத்துறவங்களுக்கு அது உதவும், டிஃபால்டா ஓஃப்ல தான் இருக்கும். நான் எப்பவும் ராம் நெறைய முந்தியே, பேப்பர் போடுற நாள் சாயங்காலமே ஏத்திடுவேன்.

இனி திருப்பி எடுக்கிற கதை. ராத்திரி ஒரு சென்டருக்கு குடுத்த ராம விடிஞ்சதும் இன்னொரு விஎம்முக்கு மாத்தணும்னா முதல் விஎம்ல இருந்து கழட்டணும், அதுக்கு அந்த பிளாக்ல இருக்கிற எல்லாத்தையும் கேர்னல் வேற இடத்துக்கு நகத்தணும். ப்ரோக்ராம் டேட்டா, ஃபைல் கேஷ் எல்லாம் நகரும். கேர்னல் தனக்குனு எடுத்த ஸ்லாப், பேஜ் டேபிள் மாதிரி சாமான் நகராது, ஒரே ஒரு பேஜ் அப்பிடி உக்காந்திருந்தா போதும் மொத்த பிளாக்கும் பிஸினு எரர் குடுத்துட்டு நிக்கும். இதுக்கு தான் ஜோன் மூவபிள்னு ஒன்னு இருக்கு, அதுக்குள்ள நகர கூடியத மட்டும் தான் வைக்கும். ஆன்லைன் பண்ணும்போதே ஆன்லைன் மூவபிள்னு சொன்னா அந்த பிளாக் அங்க போகும், பொறகு கழட்டுறது எவ்வளவோ லேசு.

அப்ப எல்லாத்தையும் மூவபிள்ல போட்டுடலாமேனு தோணும். செய்யாதீங்க. 2 ஜிபில ஸ்டார்ட் பண்ணின விஎம்முக்கு 14 ஜிபி மூவபிளா ஏத்தினா, கேர்னலோட சொந்த தேவைக்கு அந்த பழைய 2 ஜிபி மட்டும் தான், அதுலயும் 224 எம்பி பதிவுக்கே போயிடும். கனெக்ஷன் கூட கூட அந்த 2 ஜிபி முடிஞ்சு, ஃப்ரீல கணக்கில்லாம ராம் காட்டிக்கிட்டிருக்கும்போதே அவுட் ஆஃப் மெமரி கில்லர் (ராம் பத்தாட்டி ப்ரோக்ராம நிப்பாட்டுற கேர்னல் பகுதி) வந்து டேட்டாபேஸ தூக்கிடும், பாக்கிறவனுக்கு காரணமே விளங்காது. கேர்னல் டொக்யுமென்ட்ல சொல்றது மூவபிள் மூணு பங்கு, மத்தது ஒரு பங்கு, பொதுவா அது தாங்கும்னு. 5.15ல இருந்து ஆட்டோ மூவபிள்னு ஒரு ஆன்லைன் பாலிசி இருக்கு, டிஃபால்ட் ரேஷியோ 301 சதவீதம், அந்த விகிதத்த அதுவே பாத்துக்கும். எனக்கு இந்த முழு வசதியிலயும் ரொம்ப புடிச்சது இது தான், தலைய ஒடைச்சுக்க தேவல்ல. சும்மா சின்னதா 1 ஜிபில பூட் பண்ணாம 4 ஜிபில பூட் பண்ணுங்க, மேல ஏறுறதுக்கு நல்ல அடித்தளமா இருக்கும்.

டிம் மாதிரி ஏத்துறதா விர்ட்ஐஓ மெமா (virtio-mem, விஎம்முக்கு ராம கூட்டி கொறைக்கவே செஞ்ச டிவைஸ்) னு கேட்டா, கண்ண மூடிக்கிட்டு விர்ட்ஐஓ மெம். இது லினக்ஸ் 5.8லயும் கியூஇமு 5.1லயும் வந்தது, ரெண்டுமே 2020 ஆகஸ்ட். டிம்னா ஏத்தினா முழுசா ஏத்தணும், எடுத்தா முழுசா எடுக்கணும். விர்ட்ஐஓ மெம் சின்ன சின்ன துண்டா, x86ல 2 எம்பி அளவுக்கு கூட எடுக்கும். ஹோஸ்ட்ல (விஎம் எல்லாம் ஓடுற பெட்டியில) ரிக்வெஸ்டட் சைஸ மாத்தினா போதும், உள்ள இருக்கிற டிரைவர் மிச்சத்த செய்யும். கொறைக்க சொல்லிட்டு சைஸ்ங்கிற எண்ண பாத்துக்கிட்டிருந்தா முதல்ல மளமளனு எறங்கும், பொறகு மெதுவாகும், சில நேரம் கேட்டதுக்கு கொஞ்சம் மேலயே நின்னுடும், டிரைவர் விட்டு விட்டு திரும்ப ட்ரை பண்ணும். கேட்டது முழுசா வந்துச்சானு சைஸ பாத்துட்டு தான் அடுத்த விஎம்முக்கு குடுக்கணும். பலூன் (விஎம்ல இருந்து ராம ஹோஸ்டுக்கு திருப்பி எடுக்கிற வழி) இருக்கேனு சொல்றவங்களுக்கு, பலூன் நல்லது தான் ஆனா பூட் பண்ணின அளவுக்கு மேல அதால ஏத்த ஏலாது.

ராம் ஏறினதும் எல்லா ப்ரோக்ராமும் தானா பாவிக்கும்னு நெனைக்க வேணாம். ஃபைல் கேஷ் தானா வளரும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல இன்னோடிபி பஃபர் பூல (டேட்டாவ ராம்ல வைக்கிற இடம்) ஓடும்போதே கூட்டலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல அதே மாதிரியான ஷேர்ட் பஃபர்ஸ் மாத்தினா அந்த சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணியே ஆகணும், ஜாவா ஹீப் மேக்ஸிமமும் ஸ்டார்ட்ல போட்டது தான்.

கடைக்கு வர்ற பொடியங்க சிலர் கேக்குறாங்க, அப்ப வீட்டு பிசிலயும் ஓடும்போதே ராம் குத்தலாமானு. தயவு செஞ்சு கையே வைக்காதீங்க. அதுக்குனு செஞ்ச பெரிய சர்வர் போர்ட் வேணும், சாதாரண மதர்போர்ட்ல கரண்ட் இருக்கும்போது ராம் கழட்டினா மாட்டினா ராமும் போகும் போர்டும் போகும். நான் இங்க சொன்னதெல்லாம் விஎம்முக்கு தான்.

விபிஎஸ் எடுக்க போறவங்க, ரீபூட் இல்லாம ராம் கூட்டலாம்னு போட்டிருந்தா உடனே கட்டிடாதீங்க, மேக்ஸ்மெம் எவ்வளவு வச்சு ஸ்டார்ட் பண்ணி தாறீங்கனு கேளுங்க, ஏன்னா கியூஇமுல அந்த உச்ச அளவ விஎம் தொடங்கும்போதே சொல்லியாகணும், சொல்லாட்டி பொறகு ஒரு எம்பி கூட ஏத்த ஏலாது. கூட்டினத கொறைச்சா பில்லும் கொறையுமானும் அப்பவே கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க.