அடைக்கோழியா, இன்குபேட்டரா? 22ஆம் நாளையும் சேர்த்துப் பாருங்கள்

முட்டை பொரிய அடைக்கோழிக்கும் 21 நாள், இன்குபேட்டருக்கும் 21 நாள். கொல்லையில் ஏழெட்டு நாட்டுக்கோழி வைத்திருப்பவர் எதை நம்பலாம் என்று கேட்டால், எத்தனை முட்டைக்கு எத்தனை குஞ்சு என்பதை வைத்தே பதில் சொல்கிறார்கள். அது பாதிக் கணக்கு. இரண்டுமே சண்டித்தனம் பண்ணும். பண்ணும் இடம்தான் வேறு.

கோழியிடம் முதல் சிக்கல், நமக்கு வேண்டும்போது அது அடை படுக்காது. பன்னிரண்டு முட்டை சேர்த்து வைத்திருப்போம், அது குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருக்கும். வேண்டாத நேரத்தில் காலிக் கூடையில் போய் உட்கார்ந்து, கை நீட்டினால் பந்தாகச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். அடை தெளிய வைக்க மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது என்று ஊருக்கொரு வைத்தியம் உண்டு. அந்தக் கொடுமையெல்லாம் தேவையில்லை. அடியில் காற்றுப் புகும் கம்பிவலைக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் போதும். அடிவயிற்றுச் சூடு தணிந்தால் அடையும் தெளியும்.

படுக்கிற கோழிக்கு மூங்கில் கூடையில் நான்கு விரல் உயரம் மணல், மேலே வைக்கோல், நடுவில் லேசான குழி. 10 முதல் 12 முட்டை. ஆசைப்பட்டு 18 வைத்தால் மிச்சம் ஆறு மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம். கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு முட்டையும் ஒரு முறை ஓரத்துக்குப் போய்க் குளிர்ந்துவிட்டு வரும். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போட்டு வைப்பார்கள். போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் வைக்கிற அன்றைக்கே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போடுவது அதைவிட முக்கியம். அடைக்கோழி தினம் ஒரு தடவை எழுந்து, நாறுகிற பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டு, தின்று குடித்துத் திரும்ப இருபது நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் வேறொரு கோழி வந்து சூடான இடம் என்று முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். விட்டால் கோழிக்கு நாள் கணக்கு குழம்பும். முதலில் பொரிந்ததைக் கூட்டிக்கொண்டு அது இறங்கிவிடும், பாதி வளர்ந்த கரு கூடையிலேயே ஆறிப்போகும்.

கோழிச் செல் என்னும் சிறு பூச்சி இன்னொரு தொல்லை. மூன்று வாரம் ஒரே இடத்தில் உட்காருவதால் கூடை முழுக்க ஊறும். தாங்க முடியாத கோழி 15ஆம் நாளில்கூட எழுந்து போய்விடும். வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலை போடலாம். பழைய வைக்கோலை எரித்துவிட்டுப் புதிது போடுவது அதைவிட நல்ல வழி.

இனி இயந்திரம். கடையில் வாங்கினாலும், தெர்மாகோல் பெட்டியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், இரண்டு 40 வாட் குண்டு பல்பு வைத்து வீட்டிலேயே செய்தாலும் சங்கதி ஒன்றுதான். மின்சாரம் மிச்சமாகுமே என்று எல்இடி பல்பு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் வரும், போதிய சூடு வராது. ஒரே 80 வாட்டாகப் போடாமல் இரண்டாகப் போடுவதற்குக் காரணம், ஒன்று ஃப்யூஸ் போனாலும் மற்றது தாங்கும். பாதி நேரம் எரிந்தால் நாளுக்கு ஒரு யூனிட், ஒரு ஈட்டுக்கு இருபது யூனிட் சொச்சம்.

ஃபேன் ஓடும் பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி. தெர்மோஸ்டாட்டின் சென்சார் முட்டை மட்டத்தில், பல்பிலிருந்து விலகித் தொங்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம். பிறகு 65 முதல் 70. மலிவு ஈரப்பதமானி பொய் சொல்லும். மூடி போட்ட டப்பாவில் ஈர உப்போடு அதை எட்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள், 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் ஏழு கூட்டிக்கொள்ளுங்கள். முட்டையை நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்ட வேண்டும். இல்லையென்றால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு புரட்டலும் நிறுத்தம், மூடி திறப்பதும் நிறுத்தம்.

இந்தக் கடைசி மூன்று நாள்தான் மனுஷனுக்குச் சோதனை. உள்ளே கீச் கீச் என்று கேட்கும், ஓட்டில் ஓட்டை தெரியும், வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். திறந்த ஒவ்வொரு முறையும் ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் தோல்போல இறுகிவிடும். நல்லது செய்வதாக நினைத்து நாம் முட்டையோட்டை உரித்தால் ரத்தம் வரும். குஞ்சு ஓட்டை போட்ட பிறகு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். விட்டுவிட வேண்டும்.

மின்வெட்டுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இரண்டு மணி நேரம் போனால் கம்பளியால் போர்த்தினால் தாங்கும். பயப்பட வேண்டியது கத்திரி வெயிலுக்கு. தெர்மோஸ்டாட்டுக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 39 டிகிரி என்றால் பல்பு அணைந்திருந்தாலும் கரு வெந்துவிடும். வீட்டிலேயே குளுமையான அறையின் தரையில் வையுங்கள். சேகரிக்கும் முட்டையும் இந்த வெயிலில் அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். தண்ணீர்ப் பானை ஓரம் ஈர மணலில் வைத்து, நான்கு நாளுக்குள் அடை ஏற்றிவிட வேண்டும்.

இதுவரைக்கும் பார்த்தால் இருபது முப்பது முட்டை பிடிக்கும் இயந்திரம்தான் மேல் என்று தோன்றும். 22ஆம் நாள் கணக்கு மாறுகிறது. இன்குபேட்டர் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு பல்பு எரிய வேண்டும். குறுணை கொத்தவும் தண்ணீர் குடிக்கவும் அலகை முக்கிக் காட்ட வேண்டும். காக்கா வந்தால் ஒளியத் தெரியாது. தாய்க்கோழி இதையெல்லாம் கூலி இல்லாமல் செய்கிறது. பருந்து நிழல் பட்டதும் ஒரு குரல், அத்தனையும் இறக்கைக்குள். அதற்கு விலை, அது மறுபடி முட்டை வைக்க இரண்டு மூன்று மாதம். முட்டை விற்றுப் பிழைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. குஞ்சு பிழைத்தால் போதும் என்பவருக்குக் கோழியே லாபம்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் என் கட்சி. ஒரே நாளில் கோழியிடம் பன்னிரண்டு, இயந்திரத்தில் முப்பது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கோழியிடமுள்ள கூமுட்டையை எடுத்துவிட்டு, நரம்பு தெரியும் இயந்திர முட்டையை மாற்றி வையுங்கள். பொரிந்ததும், கோழியின் இறக்கைக்குள் அடங்கும் அளவுக்கு இன்குபேட்டர் குஞ்சுகளை, இரண்டு நாள் தாண்டுவதற்குள், இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகக் கோழியின் அடிவயிற்றுக்குள் தள்ளிவிட வேண்டும். விடிந்ததும் கூடை அருகே ஒரு மணி நேரம் இருங்கள். அதன் சொந்தக் குஞ்சு எல்லாம் செம்பட்டையாக இருந்து, தள்ளிவிட்டதில் ஒன்று மட்டும் கறுப்பு என்றால், அந்த ஒன்றை மட்டும் தலையில் கொத்தும் கோழி உண்டு. அதைப் பல்புக்கே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.