மாருதி 800 கியர் பாக்ஸ்: வீட்டிலேயே பிரித்துப் போட்டு, நாள்பட ஓட்டிய பிறகு

இரண்டாவது கியர் கரகரத்தால் “சிங்க்ரோ ரிங் போச்சு, ஒண்ணு மாத்துனா போதும்” என்பார்கள். சிங்க்ரோ ரிங் என்பது கியர் விழும் முன் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம். ரிங்கை மட்டும் மாற்றிய பாக்ஸில் கியர் கொஞ்ச நாள் நன்றாக விழும், அப்புறம் பழைய கரகரப்பே திரும்பும். ரிங், அது உராயும் கியரின் கோன், கியரைப் பூட்டும் ஸ்லீவ் மூன்றையும் சேர்த்துப் பார்த்து வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்ட என் ஐந்து கியர் கொண்ட பாக்ஸ், வேலூர் கத்திரி வெயிலிலும் கிரீன் சர்க்கிள் நெரிசலிலும் சில வருடங்களாக ஓடுகிறது. எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை வைத்து எழுதுகிறேன்.

பாக்ஸை இறக்கும் முன் கிளட்ச்சைச் சந்தேகப்படுங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுகிறது. ஓடும்போது பெடலை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் கர்ரென்கிறது. அப்படியானால் கிளட்ச் முழுசாக விடவில்லை. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கேபிளை இழுத்து வைத்தாலே பாதி வண்டிகளில் வேலை முடிந்துவிடும். நியூட்ரலில் வரும் இரைச்சல் பெடலை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரத்தால்தான் சிங்க்ரோவுக்காகப் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

இறக்குவது பெரிய வேலை இல்லை. பேட்டரி வயர், ஸ்பீடோ கேபிள், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர், கியர் ராடு எல்லாம் கழற்றி, ஆயிலை வடித்து, இரண்டு ஆக்சிலையும் உருவி, என்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுத்தால் இரண்டு பேர் இறக்கிவிடலாம். வண்டி மட்டும் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

கேஸைப் பிரிக்கும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். ஐந்தாவது கியர் பக்கவாட்டு மூடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் நட்டை ஓரம் குத்திப் பூட்டியிருப்பார்கள், திரும்பப் போடும்போது புது நட்டுதான். வெளி போல்ட்டெல்லாம் கழற்றியும் கேஸ் அசையவில்லையா? ரிவர்ஸ் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டையும் கிளட்ச் கூண்டுப் பக்கம் இருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். அதை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை நடுவில் செருகி நெம்பினால் அலுமினிய முகம் காயப்படும். நடுவில் கேஸ்கட் கிடையாது, சீலன்ட் மட்டும்தான். காயப்பட்ட இடத்தில் எத்தனை அனபாண்ட் பூசினாலும் ஆயில் கசியும். ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க் ஷாஃப்ட்டுகளின் பால், ஸ்பிரிங், போல்ட் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

இனி ரிங். வெளிச்சத்தில் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள்: நூல் மாதிரி மெல்லிய வரிகள் ஓடும். வரிகளின் முனை கூராக இருந்தால் உயிர் இருக்கிறது. தட்டையாகிப் பளபளத்தால் ஆயிலை வெட்டி விலக்க முடியாது, கோனைப் பிடிக்காது. ரிங்கைக் கோன் மேல் கையால் அழுத்தித் திருகினால் கவ்வி நிற்க வேண்டும். கவ்வியபடியே ரிங்குக்கும் கியரின் சின்னப் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மூன்று இடத்தில் அளக்கவும். புது ரிங்கில் 1 மி.மீ.க்கு மேல் இருக்கும், 0.5 மி.மீ.க்குக் கீழே என்றால் கழித்துவிடுங்கள். புது ரிங் வாங்கிய கையோடும் இதே அளவு பாருங்கள். லோக்கல் ரிங்குகளில் சில புதிதாகவே கவ்வுவதில்லை.

கோனில் பித்தளை அப்பியிருந்தால் நைஸ் உப்புத்தாளால் துடைத்தால் போகும். படி விழுந்திருந்தால் கியரையே மாற்ற வேண்டும். புது கியரோடு சேரும் எதிர்ப்பல் பழசாக இருப்பதால் லேசான ஊளைச் சத்தம் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்லீவின் பல் முனைகள் கூரை மாதிரி சரிந்து கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் ஹப்பும் (ஸ்லீவ் நகரும் நடுப்பகுதி) ஸ்லீவும் ஜோடியாக மாறணும். இதை மாற்றத் தயங்கியவர்களுக்குத்தான் கரகரப்பு திரும்ப வருகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் வெளியே குதிக்கும் வியாதியும் அங்கேதான் பிறக்கிறது. ஹப் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்று கழற்றும் முன்பே பெயின்ட்டால் குறியுங்கள். ஹப்பில் உள்ள இரண்டு வளைய ஸ்பிரிங்குகளின் முனைகளும் ஒரே கீயில் (ஹப் பள்ளத்தில் உட்காரும் சின்னத் துண்டு) வந்து நிற்கக் கூடாது.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். ராணிப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, பிரஸ்ஸில் வைத்து ஏற்றித் தருவார்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பள்ளம் பறித்துவிடும். ரிங்குகளைப் பூட்டும் முன் கியர் ஆயிலில் ஊறவிடுங்கள். கோடைக்காற்றில் முற்றத்தில் புழுதி பறக்கும், திறந்த கேஸை ஈரத்துணி போட்டு மூடியே வையுங்கள்.

ஆயிலின் தடிமன் 80டபிள்யூ-90, ஆனால் தர வகை ஜிஎல்-4. கடையில் “ஜிஎல்-5 இன்னும் ஒசத்தி” என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். ரிங்குக்குத் தேவை உராய்வு. ஜிஎல்-5இல் அதிகமாகச் சேர்க்கும் கந்தக-பாஸ்பரஸ் கலவை அதைக் குறைக்கும், சில கலவைகள் பித்தளையையும் அரிக்கும். முதல் 1,000 கி.மீ.யில் ஒரு தடவை வடித்துவிடுங்கள். வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பார்த்தால் தங்கத்தூள் மாதிரி மினுக்கும். அது புது ரிங் படிகிற தூள்தான். விரலில் நெருடும் இரும்புச் சில் வந்தால் மட்டும் வண்டியை நிறுத்துங்கள்.

நாள்பட்ட கணக்கில், தரமான ரிங்கும் பேரிங்கும் அப்படியே இருக்கின்றன. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூன்றிலிருந்து இரண்டு சத்தமில்லாமல் விழுகிறது. நிற்காதது மலிவு விலை ஆக்சில் சீல்தான். முதல் கோடையிலேயே ரப்பர் இறுகிக் கசிய ஆரம்பித்தது. சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் முழு பாக்ஸ் வாங்கி மாட்டுவது நேரத்துக்கு லாபம்தான், ஆனால் உள்ளே ரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். திறப்பதானால் சொந்த பாக்ஸையே திறக்கலாம் என்பது என் கருத்து.

சீல் மாற்றும்போது ஆக்சிலில் சீலின் ரப்பர் உதடு உரசிய இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் புது சீலை இம்மியளவு தள்ளி உட்கார வையுங்கள், உதடு புது இடத்தில் உரசும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டுத் துளையில் வழியும்வரை ஆயிலை ஊற்றி மூடுங்கள்.