சென்ட்ரல் லைன் சரியாக உட்கார்ந்ததா? அல்ட்ராசவுண்டோடு என் அனுபவம்

கழுத்தில் சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய சிரை வரை போகும் மருந்துக் குழாய்) போட அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்ற விவாதம் என்றோ முடிந்துவிட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2002-லேயே அதைப் பரிந்துரைத்தது. போட்ட பிறகு இடம் சரிதானா என்று பார்க்கவும் அதே மெஷின் போதுமா என்பதுதான் சிங்கப்பூரில் எங்கள் ஐசியுவில் இன்னும் ஓடும் பேச்சு. இரண்டுக்கும் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

எனக்கு அதிகம் கைகொடுப்பது டைலேட்டரை (துளையை அகலமாக்கும் குழாய்) விடுமுன் கைடு வயரைப் (லைனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) பார்ப்பது. ஊசி சிரைக்குள் நுழைவது திரையில் தெரிந்தால் போதும் என்று இளம் டாக்டர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அது பின்சுவரையும் துளைத்து, ஒட்டிக் கிடக்கும் கரோடிட் தமனிக்குள் போயிருக்கலாம். புரோபைக் (உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவி) குறுக்கே வைத்து, பிறகு நெடுக்கே திருப்பி, வயர் சிரைக்குள்ளேயே காரை எலும்பு வரை இறங்குவதைப் பார்த்துவிடுங்கள். தமனியில் ஊசி பட்டால் அழுத்திப் பிடித்தே சமாளிக்கலாம். டைலேட்டர் போய்விட்டால் சர்ஜனைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்தது சலைன் சோதனை. இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே த்ரீ வே டேப் (மூன்று வழித் திருகு) வைத்து, சலைனைத் துளி காற்றோடு முன்னும் பின்னும் தள்ளிக் கலக்கி, லைன் வழியாக வேகமாகச் செலுத்துவோம். இன்னொருவர் நெஞ்செலும்புக்குக் கீழே புரோபை வைத்திருப்பார். இதயத்தின் மேலறையான வலது ஏட்ரியம் 2 வினாடிக்குள் சோடா ஊற்றிய கிளாஸ் போலக் குமிழியாகப் பொங்கினால் நிம்மதி. தாமதமானால் லைனைக் கழுத்திலும் காரை எலும்புக்கு அடியிலும் தேட வேண்டும். காரை எலும்புக்கு அடியில் ஓடும் சப்கிளேவியன் சிரையில் போட்ட லைன் அதே பக்கக் கழுத்துக்குள் ஏறிக்கொள்வது உண்டு. இதயச் சுவரில் ஓட்டை இருப்பது தெரிந்தவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

நுரையீரலையும் உடனே பார்த்துவிடலாம். படுத்திருக்கும் நோயாளியின் எக்ஸ்ரேயில் தப்பிவிடும், ஊசி நுரையீரலில் பட்டதால் வந்த சிறிய காற்றுக் கசிவைக்கூட அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும்.

“டாக்டர், நோர் ஓட்டலாமா? படம் வரட்டுமா?” நடுராத்திரியில் பிரஷர் இறங்கும்போது சிஸ்டர் கேட்கும் கேள்வி இது. நோர் என்றால் பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்து; படம் என்றால் எக்ஸ்ரே. குமிழியைப் பார்த்துவிட்டால், “ஓட்டுங்க சிஸ்டர்” என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. போர்ட்டபிள் எக்ஸ்ரே அதன் நேரத்துக்கு வரட்டும்.

அதற்காக எக்ஸ்ரேயை விட்டுவிட முடியாது. லைனின் நுனி ஏட்ரியத்துக்குள் ஆழமாகப் போயிருந்தாலும் குமிழி ஜோராகத்தான் வரும். எவ்வளவு ஆழம் என்பதை அது சொல்லாது. படத்தில் மூச்சுக்குழாய் பிரியும் இடத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். பருத்த உடம்பு, வாயு நிறைந்த வயிறு, ஆபரேஷன் கட்டு என்றால் இதயமே சரியாகத் தெரியாது.

மெஷினைப் பற்றி ஒரு புலம்பல்: புரோப் வயர் கட்டில் சக்கரத்தில் மாட்டாத நாளே கிடையாது. முந்தைய ஷிஃப்ட்டில் துடைக்காமல் விட்ட ஜெல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் எரிச்சல் தலைக்கேறும். உங்கள் வார்டுக்குப் புதிதாக வாங்கினால், சிரை பார்க்கும் லீனியர் புரோபோடு நிறுத்திவிடாமல் இதயம் பார்க்கும் புரோபையும் சேர்த்தே கேளுங்கள். அது இல்லாத மெஷினில் குமிழிச் சோதனைக்குப் பக்கத்து வார்டில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கும்.