தஞ்சையில் அமெரிக்க மண்ணிசை: ஒரு கண்காட்சி மதிப்புரை

அமெரிக்க மண்ணிசையின் வரலாற்றைச் சொல்லும் பயணக் கண்காட்சி ஒன்று தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அரங்கில் வைக்கப்பட்டுள்ளது. ப்ளூஸ் (கறுப்பின மக்களின் துயரப் பாட்டு), காஸ்பெல் (தேவாலயப் பாட்டு), கன்ட்ரி (கிராமியப் பாட்டு), ப்ளூகிராஸ் (மலைநாட்டு நரம்புக்கருவி இசை), ஸைடெகோ (லூசியானா கறுப்பினத்தவரின் ஆட்ட இசை) எனப் பிரிவு பிரிவாக விளக்கப் பலகைகளும், சில இசைக்கருவிகளும், ஹெட்போன் அணிந்து பாட்டுக் கேட்பதற்கு ஒரு மேசையும் உள்ளன. பெரும் பாடகர்களின் படங்களைத் தொடக்கத்திலேயே மாட்டிவிடாமல், வயலிலும் சுரங்கத்திலும் தேவாலயத்திலும் பாடியவர்களிடமிருந்து கதையைத் தொடங்கியிருப்பதற்காகவே டெல்டாக்காரர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும் என்பேன்.

இருப்பதில் மிகச் சிறந்தது பாஞ்சோ என்ற நரம்புக் கருவிக்கான பகுதி. இன்று வெள்ளையரின் மலைநாட்டு இசையோடு சேர்த்தே நினைக்கப்படும் இக்கருவி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தம் ஊர்க் கருவிகளை நினைவில் வைத்து, கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் செய்துகொண்டது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கழி செருகி, நரம்பு கட்டிய பழைய பாஞ்சோவின் மாதிரியும், செனகாம்பியப் பகுதியின் அகோன்டிங் கருவியும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதால், நீண்ட விளக்கம் இல்லாமலே உறவு புலப்படுகிறது. வீணைக் குடத்தையும் சுரைக்காயையும் பார்த்துப் பழகிய தஞ்சைக் கண்களுக்கு இந்தக் கைவேலை உடனே பிடிபடும். 1945இல் ப்ளூகிராஸ் முன்னோடி பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த பாஞ்சோக் கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டிய முறை ப்ளூகிராஸின் அடையாளமாக மாறியது வரை அந்தப் பகுதி தொய்வின்றிச் செல்கிறது.

ப்ளூஸ் பகுதியைப் பற்றி அவ்வாறு முழுமனத்துடன் சொல்ல முடியவில்லை. மிசிசிப்பி டெல்டா என்பது ஆறு கடலில் கலக்கும் இடமன்று, மிசிசிப்பிக்கும் யாஸூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் சமவெளி என்பதைத் தெளிவாக விளக்கியவர்கள், அந்த நிலம் யாருடையது என்பதை இரண்டு வரிகளில் கடந்துவிட்டார்கள். 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னும், கறுப்பின மக்களில் பெரும்பாலோர் நில உடைமையாளரிடம் விதையும் உணவும் கடனாக வாங்கி, பருத்தி விளைச்சலில் பங்கு கொடுத்து, கணக்குத் தீர்க்கும் நாளில் மீண்டும் கடனாளிகளாகவே நின்றார்கள். வாரச் சாகுபடியையும் பண்ணையாள் முறையையும் கண்ட மாவட்டம் இது; 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. இங்குள்ள பார்வையாளர்களுக்கு மிக எளிதில் விளங்கக்கூடிய செய்தியைச் சுருக்கியது பெரிய குறை. ஆயினும் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் குறித்த பலகை நன்று. ஸ்டோவல் பண்ணையில் உழைத்துவந்த அவரை 1941இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவு செய்ததும், 1943இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, கூட்டமும் சத்தமும் நிறைந்த மதுக்கூடங்களில் மின்கிட்டாருக்கு மாறியதும் கோவையாகச் சொல்லப்பட்டுள்ளன.

கன்ட்ரி இசையின் தொடக்ககாலப் பதிவுகளான 1927ஆம் ஆண்டின் பிரிஸ்டல் ஒலிப்பதிவுகளுக்கு ஒரு பலகை உண்டு, போதுமானது. 1871இல் தம் கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்டப் புறப்பட்ட கறுப்பின மாணவர் குழுவான ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களுக்கோ ஒரு நிழற்படம் மட்டுமே கிடைத்திருக்கிறது, அது போதாது.

என் முதன்மையான வருத்தம் ஒலியைப் பற்றியது. ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் சேர்ந்து பதிலளிக்கும் முறையை ஒரு முழுப் பலகை விவரிக்கிறது. அதைக் கேட்பதற்கோ அரங்கின் மறுகோடிக்குப் போக வேண்டும். நடவுப் பாட்டில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, வரிசையில் நிற்கும் பெண்கள் அதை வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பலகையின் பக்கத்திலேயே ஒலிப்பதிவை வைத்து, ஒரு மாலையேனும் நடவுப் பாட்டுப் பாடும் பெண்களை அழைத்துப் பாடவைத்திருந்தால், எழுத்துப் படிக்காதவர்களும் இந்தக் கண்காட்சியை முழுமையாக அனுபவித்திருப்பார்கள். அமைப்பாளர்கள் அடுத்த ஊருக்குப் போகும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி மாணவர் கூட்டம் வருவதற்கு முன், காலையிலேயே செல்வது நல்லது. முதலில் ஹெட்போன் மேசைக்குப் போய்ச் சில பாடல்களைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பாஞ்சோ பகுதியிலிருந்து பலகைகளைப் படிக்கத் தொடங்குங்கள்.