செடிமைட்: வண்டலில் தூவும் கரிக் குருணை

பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த நச்சு ரசாயனம்) கலந்த வண்டலை அள்ளாமல், கிடந்த இடத்திலேயே விஷத்தைக் கட்டிப்போடும் சரக்கு இது. ஏறக்குறையப் பாதி எடை ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகளால் நச்சை ஈர்த்துப் பிடிக்கும் கரி. மீதி களிமண், மணல். வெறும் கரித்தூளைத் தூவினால் மிதந்து ஓடிவிடும். இந்தக் குருணையோ நேராக அடியில் போய் உட்கார்ந்து, ஊறி உதிர்கிறது. கலக்கும் வேலையைச் சேற்றுப் புழுக்கள் பார்த்துக்கொள்ளும், கூலி கிடையாது!

அளவில் கோட்டைவிடாதீர்கள். மேல் 10 செ.மீ. வண்டலின் உலர் எடையில் 4% கரி என்று வைத்தால், சதுர மீட்டருக்கு உலர் வண்டல் 80 கிலோ உள்ள இடத்தில் கரி 3.2 கிலோ, அதாவது குருணை 6.4 கிலோ.

வேகமான நீரோட்டத்துக்கு ஆகாது, கரி அரித்துப் போய்விடும். புழுவே இல்லாத செத்த சேற்றில் கலப்பும் நடக்காது. பி.சி.பி. அழிவதில்லை, கரியில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். வண்டலில் மொத்த அளவைச் சோதித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று புலம்பக் கூடாது. துகள்களுக்கு இடையிலுள்ள நீரையும் புழுவின் உடலையும் சோதிக்க வேண்டும். மேலிருந்து புதுக் கழிவு வந்துகொண்டிருந்தால் காசு தண்டம்.

அமெரிக்காவின் டோவர் நகர மிரர் ஏரியில் 2013-இல் தூவினார்கள், மீன்களில் பி.சி.பி. குறைந்தது. அங்கேயே ஹட்சன் ஆறு போல மாசு முற்றிய இடத்தில் 2009 முதல் 2015 வரை தோண்டி அள்ளியதுதான் சரி.